படத்தைப் பார்க்காதவர்களின் கோபம்

கேள்வி இதுதான்: “மேலைநாட்டில் இயேசுவையே கிண்டலடிக்கிறார்கள், யாரும் கல்லெடுப்பதில்லை. நபியை வைத்து ஒரு கார்ட்டூன் போட்டால் மட்டும் தூதரகங்கள் எரிகின்றன. முஸ்லிம்களால் ஏன் விமர்சனத்தைத் தாங்க முடியவில்லை?”

நான் முஸ்லிம். டென்மார்க் கார்ட்டூன் கலவரம் வெடித்தபோது சவூதியில், தம்மாமில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். அதனால் கொஞ்சம் புத்தகத்தில் படித்ததும் கொஞ்சம் கண்ணால் பார்த்ததுமாகச் சேர்த்தே சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 ஜனவரி கடைசி வாரம். நாங்கள் வழக்கமாகப் போகும் சூப்பர் மார்க்கெட்டில் சீஸ், வெண்ணெய் வைக்கும் கண்ணாடி அலமாரியில் பாதி காலி. பக் சீஸ் பாட்டில், லூர்பாக் வெண்ணெய் எதுவும் இல்லை. காலியான இடத்தில் அரபியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, டென்மார்க் பொருள் இங்கே விற்பதில்லை என்று. வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், குபூஸ் ரொட்டியும் பக் சீஸும்தான் பாதிப் பேருக்குக் காலைச் சாப்பாடு. எல்லார் மொபைலுக்கும் எஸ்எம்எஸ் வந்துகொண்டிருந்தது, இதை வாங்காதே, அதை வாங்காதே என்று. அறையில் எல்லாரும் கொதித்துக்கொண்டிருந்தோம், நானும்தான். எங்களோடு இருந்த காயல்பட்டினத்துக் காக்கா (எங்களுக்கு அண்ணன் மாதிரி) ஒருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “அந்தப் படத்தெ நீ பாத்தியா தம்பி?” நான் பார்க்கவில்லை. “நீ?” அவனும் பார்க்கவில்லை. அறையில் ஏழு பேர், ஒருவரும் பார்க்கவில்லை. காக்கா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

அந்தக் கேள்வி அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. பார்க்காமல் இருப்பதுதானே மரியாதை என்று தோன்றியது. பிறகுதான் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன்.

படங்கள் வெளியானது 2005 செப்டம்பர் 30. தூதரகம் எரிந்தது 2006 பிப்ரவரி 4. நடுவில் நாலு மாதம். மதவெறி என்று நாம் சொல்லும் அந்தத் திடீர்க் கொதிப்புக்கு நாலு மாதம் ஏன் பிடித்தது? உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த நாலு மாதத்துக்குள்தான் கிடக்கிறது.

தொடக்கம் ரொம்பச் சின்னது. கோரே ப்ளூட்கன் என்ற டேனிஷ் எழுத்தாளர் குழந்தைகளுக்காக நபிகள் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், படம் போடப் பயந்து ஓவியர்கள் ஒதுங்குகிறார்கள் என்றார். யூலண்ட்ஸ் போஸ்டன் நாளிதழின் பண்பாட்டுப் பக்க ஆசிரியர் ஃபிளெமிங் ரோஸ், அது உண்மையா பார்ப்போம் என்று கார்ட்டூனிஸ்டுகள் சுமார் 40 பேரிடம், நீங்கள் பார்க்கிறபடி முகம்மதை வரைந்து அனுப்புங்கள் என்று கேட்டார். 12 பேர் அனுப்பினார்கள். அந்த 12-ம் ஒரே மாதிரி இல்லை என்பது நம்மில் பலருக்கு இன்றுவரை தெரியாது. ஒருவர் நபிகளை வரையவே இல்லை. முகம்மது என்ற பெயருள்ள, கோபன்ஹேகன் பள்ளியில் படிக்கும் ஒரு பையனைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி, பலகையில் பாரசீக மொழியில் ‘இந்தப் பத்திரிகைக்காரர்கள் வம்புக்கு இழுக்கும் பிற்போக்குக் கும்பல்’ என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். கேட்ட பத்திரிகைக்கே அடி! அதையும் அச்சிட்டிருக்கிறார்கள். இன்னொருவர் அந்த எழுத்தாளரையே வரைந்து, இதெல்லாம் விளம்பரத்துக்காக என்று குத்தியிருந்தார். சண்டைக்குக் காரணமானது குர்த் வெஸ்டர்கோர்ட் வரைந்த ஒன்று: தலைப்பாகையில் வெடிகுண்டு, திரி எரிகிறது, மேலே கலிமா, அதாவது எங்கள் நம்பிக்கையின் உறுதிமொழி.

இந்தப் படம் ஏன் வலிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ‘உருவம் வரையக் கூடாது என்பது அவர்கள் மதம்’ என்று சொல்லி எல்லாரும் கடந்துபோய்விடுகிறார்கள். உருவம் வரைவது ஒரு பகுதிதான். பழைய பாரசீக, துருக்கி ஓவியங்களில் நபிகள் உருவம் இருக்கிறது, முகத்திரையோடும் இருக்கிறது, திரையில்லாமலும் இருக்கிறது. அந்தக் கார்ட்டூன் சொல்வது வேறு. குண்டு வைக்கும் குணம் உங்கள் வேரிலேயே இருக்கிறது என்கிறது. 54 லட்சம் பேர் வாழும் நாட்டில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் முஸ்லிம்கள், பெரும்பாலும் வேலைக்காகவோ அகதியாகவோ வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அன்றைய அரசு, குடியேறிகளை எதிர்க்கும் கட்சி ஒன்றின் ஆதரவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் தன் தலைமுக்காட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்களைத் தினமும் சந்திக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தப் படம் இறையியல் விவாதமாகத் தெரியாது. ‘உன்னைத்தான் சொல்கிறேன்’ என்று கேட்கும். கெய்ரோவில் ஒரு எகிப்தியர் தன் நாட்டு முல்லாக்களைக் கேலி செய்வதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

சரி, அப்படி வலித்தவர்கள் என்ன செய்தார்கள்? அக்டோபரில் கோபன்ஹேகனில் சில ஆயிரம் பேர் ஊர்வலம் போனார்கள், அமைதியாக. போலீசில் புகார் கொடுத்தார்கள். முஸ்லிம் நாடுகளின் பிரதிநிதிகள் 11 பேர் பிரதமர் ஆனஸ் ஃபோக் ராஸ்முசனைச் சந்திக்க நேரம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தில், சம்பந்தப்பட்டவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள் என்றும் ஒரு வரி இருந்தது, அந்த வரி தப்புத்தான். ஒரு பிரதமர் பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு மிரட்டும் வழக்கம் இவர்கள் நாடுகளில் இருக்கலாம், அங்கே கிடையாது. ஆனால் ராஸ்முசன் சந்திக்கவே மறுத்துவிட்டார். பத்திரிகை விஷயத்தில் தலையிட முடியாது, வேண்டுமானால் நீதிமன்றம் போங்கள் என்று பதில் எழுதினார். கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, இதே வார்த்தையை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அடுத்து வந்தவர்களுக்கு வேலை கஷ்டமாகியிருக்கும். நீதிமன்றம் போங்கள் என்றாரே, அதுவும் நடக்கவில்லை. டென்மார்க்கில் அப்போது மதநிந்தனைச் சட்டம் இருந்தது, ஆனால் வழக்கு போட முகாந்திரம் இல்லை என்று ஜனவரியில் அரசு வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டார்.

இதற்கிடையில் நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அக்டோபர் 17 அன்று, நோன்பு மாதத்தில், எகிப்தின் அல் ஃபஜ்ர் பத்திரிகை அந்தப் படங்களில் சிலவற்றைக் கண்டனத்தோடு அச்சிட்டது. கெய்ரோவில், ரமளானில்! ஒரு கல்கூட விழவில்லை.

அப்புறம் எப்படிப் பற்றியது? டிசம்பரில் டென்மார்க்கிலிருந்து சில இமாம்கள் எகிப்துக்கும் லெபனானுக்கும் ஒரு கோப்போடு போனார்கள், 43 பக்கம். அதில் 12 கார்ட்டூன்களோடு, பத்திரிகையில் வராத மூன்று படங்களும் இருந்தன, தங்களுக்கு யாரோ அனுப்பிய வசைகள் என்று. அவற்றில் ஒன்று, பன்றி மூக்கு மாட்டிய ஒரு மனிதனின் மங்கலான போட்டோ. அது பிரான்சில் ஒரு கிராமத்துத் திருவிழாவில் பன்றி மாதிரிக் கத்தும் போட்டியில் எடுத்த படம். இஸ்லாத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நல்ல எண்ணத்தில் சேர்த்தார்களா, வேண்டுமென்றே சேர்த்தார்களா, அதை விடுங்கள். கெய்ரோவில் அதைக் கையில் வாங்கிய ஒருவர் என்ன நினைத்திருப்பார்? கோப்போடு போனவர்களில் ஒருவரான அஹ்மத் அக்காரி 2013-ல், தான் செய்தது தவறு என்று பகிரங்கமாகச் சொன்னார். வெஸ்டர்கோர்ட்டை நேரிலும் போய்ப் பார்த்தார். அதற்குள் ஏழு வருடம் ஓடிவிட்டது.

கோப்பு கைக்குக் கிடைத்த அரசுகளுக்கும் அவரவர் கணக்கு இருந்தது. எகிப்தில் முபாரக் ஆட்சி. அந்த இலையுதிர் காலத் தேர்தலில் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தார் 88 இடங்களைப் பிடித்திருந்தார்கள், மார்க்கத்தின் காவலன் நான்தான் என்று காட்டிக்கொள்ள அரசுக்கு அவசரம். லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொலை விசாரணையில் சிரியா கழுத்துவரை மாட்டியிருந்தது. டமாஸ்கஸில் அன்று உளவுத்துறைக்குத் தெரியாமல் பத்துப் பேர் கூட முடியாது. அந்த ஊரில்தான் பட்டப்பகலில் ஒரு கூட்டம் போய் டென்மார்க், நார்வே தூதரகங்களுக்குத் தீ வைத்தது. மறுநாள் பெய்ரூட். அதன் பிறகு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான். லிபியாவின் பெங்காசியில், அந்தக் கார்ட்டூனை டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு டிவியில் தோன்றிய இத்தாலிய அமைச்சர் ஒருவரைக் கண்டித்துக் கூடியவர்களைச் சுட்டது லிபியப் போலீஸ். நைஜீரியாவின் மைதுகுரியில் தேவாலயங்களைக் கொளுத்திக் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். பதிலுக்கு ஒனித்ஷாவில் முஸ்லிம்களைக் கொன்றார்கள். டேனிஷ் மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்கள், அந்தப் பத்திரிகையைக் கனவிலும் கண்டிராதவர்கள்.

2012-லும் இதே கதைதான், நீங்கள் சென்னையில் இருந்திருந்தால் நினைவிருக்கும். கலிஃபோர்னியாவில் ஒருவர் நபிகளை இழிவுபடுத்தி எடுத்த படுமட்டமான வீடியோ ஜூலையில் இணையத்தில் ஏறியது, நாய்கூடச் சீண்டவில்லை. செப்டம்பரில் அரபியில் குரல் கொடுத்து எகிப்தின் ஒரு சேனலில் ஓட்டினார்கள், மூன்றே நாளில் கெய்ரோ அமெரிக்கத் தூதரகத்தின் மதில் மேல் கூட்டம். அந்த வெள்ளிக்கிழமையே ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மேல் கல் விழுந்தது. அடுத்த சில நாள் அண்ணாசாலை ஸ்தம்பித்துப் போய், நான் வந்த பஸ் ஆயிரம் விளக்கிலேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். பச்சைக் கொடி பிடித்து வந்த ஒரு பையனிடம் காக்கா கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். “அத எப்படிப் பாக்கிறது பாய், பாவம்ல” என்றான்.

பாரிஸ் பக்கத்தில் சாமுவேல் பாட்டி என்ற ஆசிரியரை 2020 அக்டோபரில் கழுத்தறுத்தது இதன் உச்சம். கருத்துச் சுதந்திரப் பாடத்தில் கார்ட்டூனைக் காட்டினார், முஸ்லிம் பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார் என்று ஒரு மாணவி வீட்டில் சொன்னாள், அப்பா வீடியோ போட்டார், அது பரவியது, எங்கிருந்தோ ஒருவன் கத்தியோடு வந்தான். அந்த மாணவி அன்று வகுப்பிலேயே இல்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, ‘முஸ்லிம்களுக்குத் தாங்காது’ என்பதை நான் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. தானாக வரும் மனவருத்தம் ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலும் பெருமூச்சோடு முடிந்துவிடும். அதை எடுத்து, பெரிதாக்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்கள் வேண்டும். அவர்களுக்குத் தேர்தலோ, பதவியோ, பழைய பகையோ ஏதாவது இருக்கும்.

இதோடு நிறுத்தினால் நான் என் ஆட்களைக் காப்பாற்றிவிட்டுப் போவதாக ஆகும். எங்களிடம் இருக்கும் உண்மையான கோளாறு வேறு இடத்தில், நம்மவன் விமர்சித்தால் அவனை என்ன செய்கிறோம் என்பதில். ஜோர்டானில் ஷீஹான் வார இதழின் ஆசிரியர் ஜிஹாத் மோமனி, 2006 பிப்ரவரியில் மூன்று கார்ட்டூன்களை அச்சிட்டு, முஸ்லிம்களே கொஞ்சம் யோசியுங்கள் என்று தலையங்கம் எழுதினார். பிணைக் கைதியின் கழுத்தைக் கேமரா முன் அறுப்பவனும், அம்மானில் கல்யாண வீட்டில் குண்டு வைத்தவனும் இஸ்லாத்துக்குச் செய்த கேட்டைவிட இந்தப் படம் பெரிய கேடா என்பது அவர் கேள்வி. அந்தக் குண்டு வெடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மோமனிக்கு வேலை போனது, கைதானார். பாகிஸ்தானில் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர், நபிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவர் கிடையாது. மதநிந்தனைச் சட்டத்தில் ஒரு ஏழைக் கிறிஸ்தவப் பெண் மாட்டியிருக்கிறாள், அந்தச் சட்டம் சரியில்லை என்றார், அவ்வளவுதான். 2011 ஜனவரி 4 அன்று அவருடைய பாதுகாவலனே சுட்டுக் கொன்றான். கொன்றவன் மேல் வக்கீல்கள் ரோஜா இதழ் தூவினார்கள். இதற்குக் கோபன்ஹேகனையோ வாஷிங்டனையோ குறை சொல்ல வழியில்லை.

ஒரு வேடிக்கை, அந்தச் சட்டத்தின் வேர் ஷரீஅத்தில் இல்லை. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. 1920-களில் லாகூரில் நபிகளை இழிவுபடுத்தி ஒரு துண்டுநூல் வந்து, வெளியிட்டவர் உயர்நீதிமன்றத்தில் விடுதலையாகி, ஊர் கொதித்தபோது 1927-ல் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அப்படியும் அந்த வெளியீட்டாளரை 1929-ல் ஒருவன் குத்திக் கொன்றான். பிரிவினைக்குப் பிறகு ஜியா உல் ஹக் காலத்தில் 1986-ல் 295-சி வந்தது, மரண தண்டனை வரை. பிரிட்டிஷ் அடித்தளத்தின் மேல் ஜியா கட்டிய மாடி.

மார்க்கத்துக்குள்ளேயே வேறு வழி இருந்தது. கேலி செய்பவர்கள் நடுவில் இருக்க நேர்ந்தால், அவர்கள் பேச்சை மாற்றும்வரை அவர்களோடு உட்காராதீர்கள் என்கிறது குர்ஆன், நாலாவது அத்தியாயம் 140-வது வசனம். எழுந்து போ என்கிறது, அவ்வளவே; பேச்சு மாறினால் திரும்பி வந்து உட்காரலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. தாயிஃப் நகரில் தன்னைக் கல்லால் அடித்தவர்களை நபிகள் மன்னித்த கதையைச் சொல்லாத மவ்லவி கிடையாது. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் மருத்துவர் அபூபக்ர் அர்-ராஸி, நபிமார்களே தேவையா என்று வாதாடியதாகச் சொல்வார்கள். அந்த வாதம் நமக்குத் தெரிவதே, அவருக்கு மறுப்பு எழுதிய அபூஹாத்திம் அர்-ராஸி அதை எடுத்துப் போட்டுப் பதில் சொல்லியிருப்பதால். சிரியாவின் பார்வையற்ற கவிஞர் மஅர்ரீ எல்லா மதங்களையும் சேர்த்துச் சந்தேகப்பட்டவர். எண்பது வயதைத் தாண்டி இருந்து, தன் ஊரில் செத்தார். பொற்காலம் என்று புல்லரிக்க வேண்டாம், ராஸி வாழ்ந்த அதே காலத்தில்தான் பாக்தாதில் சூஃபி ஞானி ஹல்லாஜைக் கொன்றார்கள். ஆனால் மஅர்ரீயின் சிலைக்கு ஆயிரம் வருடம் கழித்து, 2013-ல் தலையை வெட்டினார்கள் பாருங்கள், அதை அந்தக் கால முஸ்லிம்கள் செய்யவில்லை.

இனி உங்கள் கேள்வியின் முதல் வரி: மேலைநாட்டில் யாரும் கல்லெடுப்பதில்லை. 1988 அக்டோபரில் பாரிஸில் இயேசுவைப் பற்றிய ஒரு படம் ஓடிய தியேட்டருக்குக் கத்தோலிக்கத் தீவிரவாதிகள் தீ வைத்ததில் 13 பேருக்குக் காயம். நபிகளை இழிவுபடுத்துகிறது என்று ருஷ்டியின் நாவல் மேல் விவகாரம் தொடங்கிய அதே இலையுதிர் காலம். அப்போது பிரிட்டன் முஸ்லிம்கள் மதநிந்தனை வழக்கு போடப் போனார்கள். இந்தச் சட்டம் கிறிஸ்தவத்துக்கு மட்டும்தான் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. சட்டம் இருந்தது, அவர்களுக்காக இல்லை! இங்கிலாந்தில் அது 2008 வரை இருந்தது.

அந்த யூலண்ட்ஸ் போஸ்டனே 2003-ல் ஒரு கார்ட்டூனிஸ்ட் அனுப்பிய இயேசு படங்களைத் திருப்பியிருக்கிறது. வாசகர்கள் ரசிக்க மாட்டார்கள், கூச்சல் கிளம்பும் என்று ஞாயிறு இதழ் ஆசிரியர் மின்னஞ்சலில் எழுதினார். படம் சுமாராக இருந்ததை மரியாதையாகச் சொன்னேன் என்று பின்னால் விளக்கம். இருக்கலாம். 2006 பிப்ரவரி 20 அன்று, கார்ட்டூன் சண்டை உச்சத்தில் இருந்தபோதே, வியன்னாவில் டேவிட் இர்விங் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளருக்கு யூத இனப்படுகொலையை மறுத்ததற்காக மூன்று வருடச் சிறை. இர்விங் சொன்னது பொய், சரித்திரப் புரட்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தம்மாமில் டீக்கடையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தவர்களிடம் ‘அங்கே எதையும் பேசலாம்’ என்று சொன்னால் சிரித்திருப்பார்கள்.

இரண்டும் ஒன்றுதான் என்று முடிச்சுப் போடும் நண்பர்கள் எனக்கு உண்டு, அதில் எனக்கு உடன்பாடில்லை. இர்விங்குக்கு வழக்கு, வக்கீல், அப்பீல் எல்லாம் கிடைத்து அந்த வருடமே வெளியே வந்தார். தசீருக்கு 27 தோட்டாவோ என்னவோ, எண்ணிக்கை எதற்கு. வெஸ்டர்கோர்ட் 2010 புத்தாண்டு இரவில் கோடாரியோடு ஒருவன் வீட்டுக்குள் புகுந்தபோது, பேத்தியை ஹாலில் விட்டுவிட்டுக் குளியலறையில் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் படத்தின் மேல் நமக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் ஒரு கிழவருக்கு அந்த நிலை வரலாமா? மேற்கின் முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுவது நம் கத்திக்கு உறை ஆகாது.

அந்த முரண்பாட்டைக் கத்தி இல்லாமல் காட்டிய ஒருவரும் இருக்கிறார். 2023 ஜூனில் ஸ்டாக்ஹோம் பள்ளிவாசல் முன்னால் ஒருவர் குர்ஆனை எரித்தார், போலீஸ் அனுமதியோடு. ஜூலையில் பாக்தாதில் ஸ்வீடன் தூதரகத்தைத் தாக்கினார்கள், வழக்கம்போல. அதற்கு நடுவில், ஸ்வீடனில் வாழும் சிரியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் இளைஞர், இஸ்ரேல் தூதரகத்தின் முன்னால் யூத வேதமான தோராவையும் பைபிளையும் எரிக்க அனுமதி கேட்டார். கிடைத்தது. இஸ்ரேலிலிருந்து கண்டனம், யூத அமைப்புகள் கண்டனம், ஒரே பரபரப்பு. சொன்ன நாளில் வந்தார், பையிலிருந்து லைட்டரை எடுத்தார், தரையில் வீசினார். வேதத்தை எரிக்க என் மார்க்கம் விடாது, உங்களுக்கு எப்படி வலிக்கிறது என்று காட்டத்தான் கேட்டேன் என்றார். எனக்குத் தெரிந்து இந்த இருபது வருடச் சண்டையில் ஒரு முஸ்லிம் கொடுத்த மிக நல்ல பதில் அதுதான். கூட்டம் சேரவில்லை, யாரும் சாகவில்லை, அதனாலேயே பலருக்குத் தெரியவும் தெரியாது.

டென்மார்க் 2017-ல் மதநிந்தனைச் சட்டத்தை ரத்து செய்தது. குர்ஆன் எரிப்புகள் தொடர்ந்ததும் 2023 டிசம்பரில், வேத நூல்களைப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் குற்றம் என்று 94-க்கு 77 என்ற வாக்கில் புதுச் சட்டம் போட்டது. நான் முஸ்லிம், இருந்தும் அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. தூதரகம் தாக்கப்பட்ட பிறகு வந்த சட்டம் அது; 2005-ல் அமைதியாகக் கடிதம் எழுதியவர்களுக்குக் கதவைச் சாத்தியதும், 2023-ல் கல்லெறிந்த பிறகு கதவைத் திறந்ததும் எந்தப் பாடத்தை யாருக்குச் சொல்லும் என்று யோசியுங்கள்.

பக் சீஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மார்ச்சில் அந்தக் கம்பெனி அரபுப் பத்திரிகைகளில், எங்களுக்கும் அந்தப் படங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பெரிய பெரிய விளம்பரம் கொடுத்தது. கொஞ்ச நாளில் அலமாரி நிறைந்தது. தாளைக் கிழித்த இடத்தில் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. காக்கா ஒரு பாட்டிலை எடுத்துத் தேதி பார்த்துக் கூடையில் போட்டார். “வாங்கலாமா காக்கா?” என்றேன். “வெல கூட்டிட்டான் பாத்தியா” என்றார்.